யாருக்கும் எழுதாமல் விட்ட ஞாயிறு

சனிக்கிழமை முடிந்த நொடியில் அந்த எட்டு வயதுப் பெண் காணாமல்போவாள். திங்கட்கிழமை காலை தலைவாரிக்கொண்டு, வயிறு நிறைந்தவளாகப் பள்ளிக்கூட வாசலில் நிற்பாள்.

காரணம் ஊருக்கே தெரியும். அம்மாக்காரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அப்பாக்காரன் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் பிரிந்தபோது பிள்ளை யாருக்கு என்று குடும்ப நீதிமன்றத்தில் விடாக்கண்டன் கொடாக்கண்டன் சண்டை. கோர்ட் விடுமுறைக்கு முந்தின நாள் நீதிபதி தீர்ப்பைச் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தார். திங்கள் முதல் புதன்வரை அம்மா, வியாழன் முதல் சனிவரை அப்பா என்றதும் கரண்ட் போயிற்று. வந்ததும் அடுத்த வழக்கை எடுத்துவிட்டார்கள். ஞாயிறு விட்டுப்போனதை இரண்டு வக்கீல்களுமே கவனிக்கவில்லை. எப்படிக் கவனிப்பார்கள்? எதிராளிக்கு ஒரு நாள்கூட அதிகமில்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் ஞாயிறன்று அப்பாக்காரன் கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினான். "இவன்தான் எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்கான்" என்று அம்மாக்காரி போலீசோடு வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் தீர்ப்பை இரண்டு தடவை படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கிழமைக்கு இந்தக் குழந்தை சட்டப்படி யார்கிட்டயும் இல்லம்மா. இல்லாத குழந்தையை நான் எங்க போய்த் தேடுறது?" என்றார். மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

பாவம், இரண்டு பேருமே மோசமானவர்கள் இல்லை. பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தார்கள். அந்தப் பாரத்தை அவள் தலையிலேயே ஏற்றியும் வைத்திருந்தார்கள். அப்பா வாங்கித் தந்த செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் அம்மா முகம் சுண்டிப்போகும். அம்மா பாடும் பாட்டை முணுமுணுத்தால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவான். கடைசியில் ஞாயிறு தனக்கே வேண்டும் என்று இருவரும் தனித்தனியாக மனுப் போட்டார்கள்.

அதற்குள் புதிதாக ஓர் அம்மாள் நீதிபதியாக வந்திருந்தார். குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும்போது குழந்தையையும் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கத்தான் இருந்தது. அந்தக் கட்டடத்தில் அதைப் பொருட்படுத்திய முதல் ஆள் அவர்தான். வக்கீல்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை எங்கம்மா போற?"

"தெரியல மேடம். ஒரு ரூம் இருக்கும். தூங்குவேன், படம் வரைவேன்."

"பயமா இல்லையா?"

"ம்ஹூம். அங்க யாரும் அம்மாவப் பிடிக்குமா, அப்பாவப் பிடிக்குமான்னு கேக்க மாட்டாங்க." மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "அந்த நாளையும் பிடுங்கிடாதீங்க மேடம்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார் என்று அறை வாசலில் நின்ற டவாலி சொல்கிறார். ஞாயிறு அந்தக் குழந்தைக்கே சொந்தம், அவளாக மனமுவந்து கொடுத்தாலொழிய யாரும் கேட்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அப்பாக்காரனின் வக்கீல் துள்ளி எழுந்தார். "காணாமப்போற குழந்தை, யுவர் ஆனர்!"

"திங்கக்கிழமை டாண்ணு வந்துடுறாளே. நீங்க வாய்தாவுக்கே அவ்வளவு சரியா வர்றதில்லையே" என்றார் நீதிபதி.

ஆரம்பத்தில் இருவரும் ஞாயிறுதோறும் அழுதார்கள். பிறகு அம்மாக்காரி சினிமாவுக்குப் போக ஆரம்பித்தாள். அப்பாக்காரன் நாற்பது வயதில் நீச்சல் கற்றுக்கொண்டான். விஷயம் பரவி மற்ற வழக்குப் பிள்ளைகளும் தங்களுக்கு ஒரு நாள் கேட்டார்கள், கோர்ட்டும் கொடுத்தது. பால் பாக்கெட் போடுகிறவர் எந்த வீட்டில் எந்தக் கிழமை ஒரு பாக்கெட் குறைக்க வேண்டும் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தார்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் தீர்ப்பு காலாவதியானது. எல்லாக் கிழமையும் அவளுடையதாயிற்று. அடுத்து வந்த ஞாயிறு காலை அம்மா வீட்டு மணி அடித்தது. சினிமாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் கதவைத் திறந்தாள்.

"ஏய், இன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே!"

"தெரியும். அதனாலதான் வந்தேன். நகரும்மா."

அம்மாக்காரி நகர்ந்து வழிவிட்டாள். பிறகு, பத்து வருடமாகப் பேசாத அப்பாக்காரனுக்கு அவளே போன் போட்டு, "சாயங்காலம் எங்கேயும் போயிடாத, பிள்ளையை அங்க அனுப்புறேன்" என்றாள்.