ஃபெலிக்ஸ் அம்மா

“பெத்த பிள்ளையைக் கடலுக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்தவ, அடுத்தவ பிள்ளையை வாங்கக் கை நீட்டுறாளா? அந்தக் கை என் மருமக மேல படக்கூடாது. அவ்வளவுதான்.”

“மெதுவா, சம்பந்தியம்மா. உள்ள ஒருத்தி வலியில கிடக்குறா.”

“கிடக்கட்டுமே. அவளும் கேட்டுக்கட்டும்.”

லுஷோட்டோ மலையில் அந்தச் சின்னப் பிரசவ நிலையத்தின் வாசலில் நின்றுதான் இத்தனையும். கத்தியவள் செபானியா அம்மா. கீழே கோரோக்வேயிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள், இறங்கிய வேகத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். பதில் சொன்னவள் நிலையத்தின் ஒரே நர்ஸ் சிவேமா. அவளுடைய மகள் ஷுகுருவைத்தான் செபானியாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. ஷுகுரு நிறைமாதம். தலைப்பிரசவம் புருஷன் ஊரில்தான் நடக்க வேண்டும் என்று அழைத்துப்போக வந்திருந்தாள் செபானியா அம்மா. பெஞ்சில் முறைக்குக் காத்திருந்த பெண்கள் நகர்ந்து நகர்ந்து வாசல் பக்கமாக வந்துவிட்டார்கள். வயிற்றுப் பாரத்தோடு அவ்வளவு சுறுசுறுப்பாக நகர முடியும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சண்டைக்குக் காரணமான லீஸ்பெத் உள்ளே யாருக்கோ இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஹாலந்திலிருந்து சம்பளமில்லாமல் சேவை செய்ய வந்தவள். மருந்து கொடுக்க மாட்டாள், தைக்க மாட்டாள். பிரசவ வலியில் இருப்பவளின் கூடவே இருந்து, கையைப் பிடித்து, முதுகை அமுக்கி, தண்ணீர் கொடுத்து, தைரியம் சொல்வாள். அவர்கள் ஊரில் இதற்குப் படிப்பு இருக்கிறது, சான்றிதழ் உண்டு, டூலா என்று பெயரும் உண்டு. இதற்கெல்லாமா படிப்பு என்று மலை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களே பிறகு அவள் கைக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

ஆனால் முதல் நாள் அப்படி இல்லை. பெஞ்சில் இருந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு, “நீங்க யாரோட அம்மா?” என்று கேட்டார்கள். இந்த மலையில் பிள்ளை பெற்றவளை மூத்த பிள்ளை பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் கல்யாணத்தோடு சரி.

“நான் லீஸ்பெத்” என்றாள் அவள்.

“அது உங்க பேரு. யாரோட அம்மா?”

அவள் விழித்தாள். பெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது. பிள்ளை பெறாதவள் பிரசவ அறைக்குள் காலெடுத்து வைத்தால் எவளும் இங்கே படுக்க மாட்டாள் என்பது சிவேமாவுக்குத் தெரியும். கூட வேலை பார்க்கும் உதவியாளோ மாதத்தில் பாதி நாள் ஏதாவதொரு சாவு வீட்டில் இருப்பாள். வந்த இரண்டு கையையும் இழக்க அவளுக்கு மனமில்லை. லீஸ்பெத்தின் செல்போன் முகப்பில் நீளக் காதோடு ஒரு பழுப்பு நாய் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஃபெலிக்ஸ் என்று பெயர், அது கட்டிலில் கூடப் படுக்கும் என்பதையெல்லாம் அன்று காலை டீ குடிக்கும்போதுதான் கேட்டிருந்தாள்.

“ஃபெலிக்ஸோட அம்மா” என்றாள் சிவேமா, பஞ்சை எடுத்துக் கொடுப்பதுபோல அத்தனை சாதாரணமாக.

அதற்குப் பிறகு அவள் எல்லோருக்கும் ஃபெலிக்ஸ் அம்மா. பெண்கள் தினமும் பிள்ளையை விசாரிப்பார்கள். அவளும் புத்தகத்தில் படித்த ஸ்வாஹிலியில், இந்த ஊரில் என்ன பண்பட்டவர்கள், நாயைக்கூட நலம் விசாரிக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோய்ப் பதில் சொல்வாள். ஐந்து வயது. இரு வேளை உணவு. காலணிகளைத் தின்றுவிடுகிறான். இடி இடித்தால் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறான். கேட்ட பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். கேட்டதை ஒன்றுக்கு மூன்றாகச் சேர்த்து, கோரோக்வே சந்தை வரைக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். செபானியா அம்மா காதில் விழுந்தது அந்தக் கடைசிச் சரக்குதான்.

இதில் சிவேமாவின் வயிற்றெரிச்சல் வேறு. பிரசவ அறையில் அவள் வாய் பேர் போனது. “அப்ப இனிச்சுது, இப்ப கசக்குதா? கத்தாம முக்கு” என்பது அவள் சொல்வதிலேயே மரியாதையான வாக்கியம். சின்ன வயதிலிருந்து சுவருக்கு இந்தப் பக்கம் இதைக் கேட்டே வளர்ந்த ஷுகுரு தெளிவாகச் சொல்லிவிட்டாள்:

“அம்மா, பிள்ளையைப் பிடிக்க நீ இரு. என் தலைமாட்டுல ஃபெலிக்ஸ் அம்மா இருக்கட்டும். அவங்க இல்லேன்னா நான் அத்தை கூடவே கோரோக்வே போறேன்.”

ஊரார் பிள்ளையை எல்லாம் வாங்கிய கை, சொந்தப் பேத்தியையோ பேரனையோ வாங்காமல் போவதா? அந்த நாயின் அம்மாவை எப்படியாவது காப்பாற்றியே ஆக வேண்டிய நிலைமையில் சிவேமா நின்றாள்.

சத்தம் கேட்டு லீஸ்பெத் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, பெரியவளுக்கு முறையாக வணக்கம் சொன்னாள். செபானியா அம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“உங்க ஃபெலிக்ஸ் கடிக்கிறானாமே?”

“ஆம். தபால்காரரை மட்டும்.”

“அடிச்சு வளக்கலியா?”

“நாங்கள் அடிப்பதில்லை. வகுப்புக்கு அனுப்பினோம். இப்போது உட்கார் என்றால் உட்காருகிறான்.”

“அதுக்கே வகுப்பா?” செபானியா அம்மா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சு தரையைப் பார்த்தது. “சரி, பிள்ளைக்குக் கத்தி வெச்சாச்சா?”

ஆண் பிள்ளைக்குச் செய்யும் சுன்னத்தைத்தான் அவள் கேட்டாள்; லீஸ்பெத்துக்கோ நாய்க்குச் செய்த கருத்தடைதான் நினைவுக்கு வந்தது. “ஆம். ஒரு வயதிலேயே.”

“அதாவது செஞ்சாங்களே” என்று செபானியா அம்மா சற்றே இறங்கி வந்தாள். சிவேமா மூச்சு விட்டாள். அந்த நேரம் பார்த்து, வாசலோரப் பேரிக்காய் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷுகுருவுக்குப் பனிக்குடம் உடைந்தது.

அதோடு கோரோக்வே பேச்சு முடிந்தது. ஷுகுருவை உள்ளே கொண்டுபோனார்கள். கையில் எண்ணெயைத் தடவிக்கொண்ட லீஸ்பெத், செல்போனை செபானியா அம்மாவிடம் நீட்டி, “இதைச் சற்று வைத்திருங்கள், அத்தை” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

செல்போன் அடித்தது. திரையில் ஃபெலிக்ஸ் என்று எழுதியிருந்தது. பையனோடு பேச செபானியா அம்மாவிடம் நிறைய இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தாள்.

வீடியோவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தெரிந்தாள். அவள் மடியில் சிவப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு நாய்.

“பையன் எங்க?” என்றாள் செபானியா அம்மா.

கிழவிக்குப் புரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாக, “ஃபெலிக்ஸ், ஃபெலிக்ஸ்” என்று கூப்பிட்டாள். நாய் எட்டித் திரையை நக்கியது.

பிரசவ அறைக் கதவு தட்டப்பட்ட விதத்திலேயே சிவேமாவுக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

“இது நாயி” என்றாள் செபானியா அம்மா, செல்போனை உயர்த்திக் காட்டி. “பிள்ளையே பெறாத ஒருத்தியை என் மருமக தலைமாட்டுல நிறுத்தியிருக்கே. அவளை வெளிய அனுப்பு. பெத்தாதானே அம்மா?”

சிவேமா மூச்சை இழுத்தாள். நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. செபானியாவை செபானியா அம்மா பெறவில்லை. பெற்றவள் அவனைப் பெற்ற கையோடு போய்விட, அண்ணன் பிள்ளையைத் தூக்கி வளர்த்த அத்தை அவள். வேறு பிள்ளையும் கிடையாது, புருஷனும் கிடையாது. மலைக்கும் தெரியும், கோரோக்வேக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருவரும் அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. இப்போது சொன்னால் சண்டை முடிந்தது. அவளும் முடிந்தாள். சிவேமா இதைவிடச் சின்னக் காரணங்களுக்கு இதைவிடப் பெரிய வார்த்தைகளை விட்டவள்.

இழுத்த மூச்சு அப்படியே நின்றது.

“நாய்தான், சம்பந்தியம்மா. தெரிஞ்சேதான் சொன்னேன். நாளைக்கு பெஞ்சுல இருக்கிற எல்லார்கிட்டயும் நானே சொல்லிடுறேன். இப்ப அந்தக் கையை மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. எம் பொண்ணு அதைத்தான் பிடிச்சிட்டிருக்கா.”

செபானியா அம்மா அவளையே பார்த்தாள்.

“என்னமோ சொல்ல வந்தியே. சொல்லிடு.”

“சொல்ல ஒண்ணுமில்ல.”

செல்போனில் நாய் ஒருமுறை குரைத்தது. செபானியா அம்மா அதைத் திருப்பிப் பார்த்தாள்.

“இதுக்கு இப்ப யாரு சோறு போடுறா?”

“அந்த அம்மாதான். லீஸ்பெத்தோட அம்மா.”

“குளிருக்குச் சட்டை போட்டு விட்டிருக்கா.” செல்போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். “காதுல புண்ணு மாதிரி இருக்கு. எதாவது தடவச் சொல்லு” என்று செல்போனை சிவேமாவின் கையில் திணித்துவிட்டு, அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், ஷுகுருவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெண் குழந்தை. சிவேமாதான் வாங்கினாள். பிரசவம் முடியும்வரை அவள் வாயிலிருந்து ஒரு வசவும் வராததைக் கண்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று ஷுகுரு இடையில் ஒருமுறை விசாரித்தாள்.

மறுநாள் சிவேமா சொன்னபடியே பெஞ்சுக்கு முன்னால் போய் நின்று உண்மையைச் சொன்னாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அந்த போட்டோவை நாங்க எப்பவோ பாத்தாச்சு, சிஸ்டர்” என்றாள் ஒருத்தி. “அதுக்குள்ள அவங்க கை பழகிப்போச்சு. நீங்க அவ்வளவு சிரமப்பட்டு ஒரு பொய் சொல்லியிருக்கீங்க, அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டோம்.”

லீஸ்பெத் மழைக்காலத்துக்கு முன் ஹாலந்துக்குத் திரும்பிவிட்டாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேள்வி. செபானியாவுக்குக் கோரோக்வே கற்றாழை நார்த் தோட்டத்தில் மேற்பார்வை வேலை கிடைக்க, ஷுகுரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே குடிபோனாள். பிள்ளை பெற்றவளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கத் தங்கிய செபானியா அம்மா மட்டும் இறங்கவே இல்லை. மனைவியை இழந்த முட்டைக்கோஸ் தோட்டக்காரர் ஷெலுகிண்டோ, கஞ்சிக்குப் பால் கொண்டுவந்து கொடுப்பதாகப் போய்வந்துகொண்டிருந்தார். அறுவடை முடிந்ததும் மாதா கோயிலில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. இப்போது அவள் நிலையத்துக்கு அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள்.