சரி புள்ள, அனுப்பு

உட்துறைமுக வீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். நிலாவெளி ஹோட்டல்களுக்கு அறை பதிவுசெய்யும் மென்பொருள் எழுதுகிற சில பேர். றுமானாதான் பொறுப்பு. பொறுப்பென்றால் வேறென்ன, கொழும்புத் தலைமையகத்தின் ஏச்சை முதலில் வாங்கிக்கொள்கிற ஆள்.

ஒருநாள் கொழும்பிலிருந்து மேலாளர் தனஞ்சயன் கொம்பியூட்டர்த் திரையில் வந்தார். "றுமானா, உங்கட ஆக்களின்ர வேலை நல்லம். ஆனா சரியான சுணக்கம். பெரிசா ஒண்டும் வேண்டாம். மாதம் முடியிறதுக்குள்ள கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒரு திருத்தம் செய்து காட்டுங்கோ."

காட்டுங்கோவாம்! அவருக்கென்ன, வாய்தானே.

சுணக்கம் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். ரிப்காவின் மேசையில். யார் எதை எழுதினாலும் அவள் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்து, "சரி புள்ள, அனுப்பு" என்று கதிரையில் இருந்தபடியே கூப்பிட்டால்தான் அது ஹோட்டல்களுக்குப் போகும். அதுவரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இதை றுமானா எப்படிச் சொல்லுவாள்? இருவரும் கிண்ணியாவிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். மூத்தவளான ரிப்காவை றுமானா ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். ஒருத்தியின் சாப்பாட்டில் மீன் துண்டு இருந்தால் பாதி மற்றவளுக்கு.

கடைசியில் ரிப்காவே வாயைத் திறந்தாள். "என்ட மேசையிலதானே புள்ள தேங்குது, எனக்குத் தெரியாதா? நான் பாக்கிறதையெல்லாம் கொம்பியூட்டரே பாக்கிற மாதிரி எழுதிப்போடுவம்."

"அப்ப உங்கட வேல, ராத்தா?"

"வேலைக்கா பஞ்சம்? நீதானே பொறுப்பு. என்னை விட்டுடுவியா?"

"அல்லாஹ் அறிய விடமாட்டன்," என்றாள் றுமானா. மனதாரத்தான் சொன்னாள்.

பக்கத்தில் பக்கத்தில் இருந்து எழுதினார்கள். எல்லாம் சரியென்றால் திரையில் என்ன வரவேண்டும் என்று றுமானா கேட்க, ரிப்கா சிரித்துக்கொண்டே தட்டினாள்: 'சரி புள்ள, அனுப்பு.' அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது.

அதற்குப் பிறகு வேலை பறந்தது. நாள்முழுக்கக் கிடந்தவையெல்லாம் தேத்தண்ணி ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தன. தனஞ்சயனுக்கு வாயெல்லாம் பல். மெச்சி மெச்சி, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். அந்தப் புகழ்ச்சியில் மயங்கிப்போனாள் றுமானா, பாவி. "இனி ரிப்காவுக்காக ஆரும் காத்திருக்கத் தேவையில்ல சேர்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

"அப்ப அவவுக்கு அங்க என்ன வேலை?"

றுமானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ வேலை இருக்கிறது என்றாள். அவளைத் தானே பழக்குவதாகச் சொன்னாள், கெஞ்சினாள். தனஞ்சயன் பார்ப்போம் என்றார். அந்த மாதத்தோடு ரிப்காவை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள்.

தோணியில் விழுந்து இடுப்பு முறிந்த புருசன் ரிப்காவின் வீட்டில் படுத்திருக்கிறான். இவளின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஏசியிருந்தாலும் றுமானாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ரிப்கா ஏசவில்லை. மேசையைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு, "விடமாட்டன் எண்டு சொன்னியே புள்ள," என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு றுமானா ஒரு பஸ்ஸை விட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். ஒரே பஸ்ஸில் ஏற முகமில்லை.

சில நாட்களில் தனஞ்சயன் மறுபடி திரையில் வந்தார். "நீங்கள் செய்ததை எல்லாக் கிளையிலயும் போடப்போறம். அந்தச் 'சரி புள்ள' பகிடி வசனத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ. இப்பவே செய்யுங்கோ, நான் நிக்கிறன்."

ஒரே ஒரு வரி. றுமானா அழித்தாள். ஆனால் எந்த மாற்றமும் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும். அப்போதிருக்கிற பழைய சோதனை பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் புதியது ஏறும். அப்படித்தான் இருவருமாக எழுதியிருந்தார்கள்.

ரிப்கா எழுதிய சோதனைகள் ஒவ்வொன்றாக ஓடின. ரிப்காவின் வரியை அழித்ததில் அவை ஒரு பிழையும் காணவில்லை. திரையில் வந்தது:

சரி புள்ள, அனுப்பு.

றுமானா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தனஞ்சயன் காத்திருந்தார். அவள் அனுப்பினாள்.