மூச்சுக்கு ஒரு வரி

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, நிறைமாதக் கர்ப்பிணியான மனைவியோடு ஓர் அச்சகக்காரன் குடியிருப்பு லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டான். அவளுக்கு வலி எடுத்துவிட்டது. ஓடிவந்த மெக்கானிக் ஒரு பெண். "பயப்படாதம்மா, மெதுவா மூச்சு விடு" என்று கதவிடுக்கு வழியே பேசிக்கொண்டே நெம்பித் திறந்தாள். அன்று மாலையே மகள் பிறந்தாள்.

நன்றி சொல்ல, நடந்ததைப் பாட்டுக் கதையாக எழுதினான். எதுகை மோனையோடு நீண்ட நீண்ட அடிகள். படித்த மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏங்க, 'ஆசை'க்கு எதுகை வேணும்னு அந்த அக்காவுக்கு மீசை வச்சிட்டீங்களே!"

"அது தானா வந்து விழுந்திருச்சு."

"உள்ள எனக்கு மூச்சு முட்டிச்சு. உங்க பாட்டு என்னடான்னா ஊர்வலம் மாதிரி ஆடி அசைஞ்சு போகுது."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுபடி உட்கார்ந்தான். எதுகையைக் கைவிட்டான். லிஃப்ட்டுக்குள் நடந்ததை மூச்சுக்கு ஒரு வரியாக உடைத்தான். கதவு திறந்த இடத்தில் மட்டும் ஒரே வரி, நிற்காமல் ஓடியது.

குழந்தையைப் பார்க்க மெக்கானிக் வந்தபோது வாசித்துக் காட்டினான். குட்டி வரிகளில் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நீண்ட வரி வந்ததும் கண் கலங்கிவிட்டது.

"அன்னிக்கு என் கையெல்லாம் நடுங்கிச்சு தம்பி."

"எங்களுக்குத் தெரியலையேக்கா" என்று மனைவி குழந்தையை அவள் மடியில் வைத்தாள். "உங்க குரல் மட்டும்தான் கேட்டுச்சு. அதப் புடிச்சுக்கிட்டுதான் வெளிய வந்தேன்."