வால் கனம்

வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டதும், வேறு இடம் கிடைக்கும்வரை ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் அவன் மனைவியையும் இரண்டு பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்கு வந்தான். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவன் வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. வீட்டில் மாமனார் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட, கீழே பட்டறையில் இருந்த ஆட்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, இப்போது மரம் இறக்க வரும் லாரிக்காரருக்குக்கூட அவன் மாப்பிள்ளைதான்.

கீழே மரச்சாமான் பட்டறை, மேலே வீடு. காலையில் அறுவை இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மாடியில் கட்டில் அதிரும். தூங்குகிற மனிதன் முதலாளியின் மாப்பிள்ளையா, வேலைக்காரனா என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

மாமனார் கெட்டவர் இல்லை. சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுக்கொண்டு எப்போதோ கிளம்பியிருக்கலாம். அவரோ மகளுக்கும் மருமகனுக்கும் என்று அவர்கள் அறைக்குள்ளேயே உட்கார்ந்து ஒரு பெரிய அலமாரி செய்து கொடுத்தார். முடித்த பிறகுதான் பார்த்தார்கள், அது கதவைவிட அகலம்.

"அதனால என்ன மாப்ள, வெளிய எங்க போகப்போகுது? ஆயுசுக்கும் இங்கயே நிக்கும்" என்று அதன் முதுகில் தட்டினார்.

பழைய கம்பெனியில் அவன் இயந்திர உதிரிபாகங்களுக்கு வரைபடம் போட்டவன். இங்கே கட்டிலுக்கும் மேசைக்கும் போட்டான். போட்டுக் கொடுத்ததும் மாமனார் பார்ப்பார், காதில் செருகிய பென்சிலை எடுப்பார், "எதுக்கும் அரை இஞ்சு கூட வச்சுக்குவோம்" என்பார். அவர் அகராதியில் கனம் என்றால் பலம், பலம் என்றால் பாசம்.

பட்டறைக்குப் பின்னால் துண்டு மரங்களைப் போட்டுவைக்கும் ஒரு சின்ன அறை இருந்தது. அங்கேதான் அவன் விமானத்தை ஆரம்பித்தான். ரிமோட்டில் பறக்கிற விமானம். கடையில் வாங்கிய எதையும் பிரித்துப் பார்த்துச் செய்தது இல்லை. இறக்கையின் வளைவை அவனே வரைந்தான். நகம் பட்டாலே பள்ளம் விழுகிற பால்சா மரத்தில் ஒவ்வொரு விலாவையும் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்தான். ஒரு பாகத்தின் நாக்கு அடுத்த பாகத்தின் துளையில் டக்கென்று உட்கார வேண்டும், பாகங்களைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் அதைப் பிரிக்கிற யாராக இருந்தாலும் அளவுகோல் இல்லாமல் கட்டிவிட வேண்டும் என்பது அவன் ஆசை. அதனால் எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக அறுத்தான். ஒன்று கட்டிப் பார்க்க, இன்னொன்று பெட்டியில் அடுக்க. அது சரியாக உட்காராதபோதெல்லாம் கட்டியதைப் பிரித்துவிட்டு மறுபடி வரைந்தான். அந்த வீட்டிலேயே மாமனாரின் அரை இஞ்சு சேராத ஒரே பொருள் அதுதான்.

எலும்புக்கூட்டின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சூடு காட்டினால் அது சுருங்கித் தோல் மாதிரி இறுகும். அதற்கு இஸ்திரிப் பெட்டி வேண்டும்.

"ஏங்க, ஏரோப்ளேனுக்கு மட்டும் சுருக்கம் இல்லாம தேய்க்கத் தெரியுது. உங்க சட்டைய ஒரு நாள் தேய்ச்சா ஆகாதா?" என்றாள் மனைவி. ஆனாலும் மூலையில் தாள் பிசிறும்போது வந்து பிடித்துக்கொண்டாள். பட்டறைக் கணக்கை அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பார்த்து வந்தாள். இந்த ரம்பச் சத்தத்திலிருந்து தப்பிக்கத்தான் கல்யாணத்துக்கே சரி சொன்னேன் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

ஒரு பிற்பகல் மாமனார் பிளைவுட் துண்டு தேடிக்கொண்டு பின்னறைக்கு வந்தார். மேசையில் விமானம் இருந்தது. அவன் எழுந்து நின்றான். திட்டு விழும் என்று எதிர்பார்த்தான். கொஞ்சம் ஆசைப்பட்டான் என்றும் சொல்லலாம்.

மாமனார் அதைக் கையில் எடுத்தார். எடை இல்லாததைக் கண்டு திடுக்கிட்டுக் கையைத் தாழ்த்தினார். பிறகு பெட்டியில் அடுக்கியிருந்த பாகங்களைப் பார்த்தார். இரண்டை எடுத்துச் சேர்த்தார். டக்கென்று உட்கார்ந்தது.

"மாப்ள, இத ஏன் இத்தனை நாள் ஒளிச்சு வச்சீங்க? இது வியாபாரம்."

மறுநாள் பட்டறை முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அதற்கு அடுத்த நாள், மர பொம்மைகள் வாங்கிப்போகிற விளையாட்டுச் சாமான் கடைக்காரருக்கு அவர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. அவனுக்கென்று இருந்த ஒரு மூலையும் போயிற்று. ஆப்பசைத்த குரங்கு மாதிரி விழித்தான் மாப்பிள்ளை.

அதே வாரத்தில்தான் பழைய கம்பெனி மேலாளர் கூப்பிட்டார். வேறு ஊரில் புதிதாக ஒரு தொழிற்சாலை, வரைபடப் பிரிவுக்கு ஆள் தேவை. வருவதாக இருந்தால் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவன் மனைவியிடம் மட்டும் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அப்படி மலர்ந்த முகத்தை அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"அப்பாகிட்ட சொல்லிடுங்க."

"ஞாயித்துக்கிழமை முடியட்டும். இப்ப சொன்னா மனசு ஒடிஞ்சிடுவாரு."

"அவருக்கு ஒடியாது. அரை இஞ்சு கூட இருக்கும்" என்றாள் அவள்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பின்னறைக்குப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். விமானத்தின் வால் மாறியிருந்தது. மாமனார் பழைய வாலைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று பாலிஷ் போட்ட பிளைவுட்டில் புதியதைப் பொருத்தியிருந்தார். அளவு அச்சு அசலாகச் சரி. கனம் மட்டும் வேறு.

"பிள்ளைங்க கையில போற சாமான் மாப்ள. உங்க வாலு தொட்டா உடையுது. இது சம்மட்டியால அடிச்சாலும் உடையாது."

அவர் போனதும், இறக்கைக்குக் கீழே இரண்டு பக்கமும் விரல்நுனி கொடுத்து விமானத்தைத் தூக்கிப் பார்த்தான். சமமாக நிற்க வேண்டியது மூக்கைத் தூக்கிக்கொண்டு வால்பக்கம் சரிந்தது. பின்னாலேயே வந்திருந்த மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படியே விட்டா பறக்குமா?"

"பறக்கும். ஒரே ஒரு தடவை."

"அப்படின்னா?"

"மேல போகும், அப்படியே நிக்கும், குத்துக்கல்லு மாதிரி விழும். கடைக்காரர் சிரிச்சிட்டுப் போயிடுவாரு."

கடைக்காரர் போய்விட்டால் வியாபாரமும் போய்விடும். வெட்கப்பட்ட மாமனார் இரண்டு நாள் பேச மாட்டார். அந்த இரண்டு நாளில் பெட்டிகளைக் கட்டிவிடலாம். ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே இருவரும் அதைத்தான் நினைத்தார்கள். வாலை அப்படியே விட்டுவிட்டு அவன் விளக்கை அணைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் எல்லை மைதானத்தில் நல்ல எதிர்காற்று. மாமனார் தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். கடைக்காரரின் தோளில் கை போட்டு, எது விலா, எது முதுகெலும்பு என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவன் வாய் தவறிச் சொல்லியிருந்த சொற்களை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

வண்டிக்குப் பின்னால் அவன் விமானத்தை விரல்நுனியில் மறுபடி தூக்கிப் பார்த்தான். வால் சரிந்தது. எத்தனை மாதம் தேய்த்த இறக்கை. அதில் ஒரு குறையும் இல்லை. யாரோ வைத்த வாலுக்காக அது மண்ணில் குத்தி நொறுங்கப் போகிறது, அதை அவன் நின்று வேடிக்கை பார்க்கப் போகிறான்.

வண்டியிலிருந்த மாமனாரின் கருவிப்பெட்டியைத் திறந்தான்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி, மெதுவாக.

"மூக்குல கொஞ்சம் எடை வைக்கிறேன்."

"வைக்காமலே இருக்கலாமே."

பேட்டரியை முன்னால் தள்ளி, இரும்பு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூக்குக்குள் வைத்து டேப் சுற்றினான். தூக்கிப் பார்த்தான். இன்னும் இரண்டு வைத்தான். இப்போது சமமாக நின்றது. நிமிர்ந்தபோது அவள் வண்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தாள்.

எறிவது தான்தான் என்று மாமனார் அடம்பிடித்தார். தலைக்குமேல் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்து ஓடி எறிந்தார். கனத்தால் ஒரு கணம் தாழ்ந்தது; அவன் விசையைக் கூட்டினான், தரையைத் தடவுவது போல் போய் மெல்ல ஏறியது. பிறகு வளைந்தது, மைதானத்தைச் சுற்றியது, வெயிலில் இறக்கையின் விலாக்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. கையில் ரிமோட்டோடு நின்ற அவன் அந்தக் கொஞ்ச நேரம் வீட்டையும் பட்டறையையும் மறந்திருந்தான் என்பதுதான் உண்மை.

"இதே மாதிரி பெட்டியில போட்டுக் குடுங்க, எவ்வளவு செஞ்சாலும் எடுத்துக்கறேன்" என்றார் கடைக்காரர்.

மாமனார் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டிவரை நடந்தார்.

வீடு திரும்பும் வழியில் மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள், அதுவும் ஜன்னலைப் பார்த்து: "நீங்க பேசாம விட்டிருக்கலாம்."

அன்று மாலை அவளேதான் அப்பாவிடம் பேசினாள். இவருக்கு வேறு ஊரில் வேலை வந்திருக்கிறது, நாங்கள் தனியாகப் போய் இருக்க நினைக்கிறோம் என்று நேராகச் சொல்லிவிட்டாள். மாமனார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தப்பு என்னோடதும்மா" என்றார். "கல்யாணமான பொண்ணுக்குத் தனி அடுப்பு வேணும்னு எனக்குத் தோணாம போச்சு. மாடியில மேற்கால சுவத்த இடிச்சு ஒரு சமையலறை எடுத்துடுவோம். தனி வாசல், தனிப் படிக்கட்டு. யாரும் வரமாட்டோம், நீங்க பாட்டுக்கு இருங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க போயிட்டா அந்தப் பெட்டிய யாரு மாப்ள அடுக்குவா? எனக்கா தெரியும்?"

அவன் மனைவியைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். மாமனார் அதற்குள் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மேற்குச் சுவர்ப் பக்கம் போயிருந்தார்.

திங்கட்கிழமை மேலாளர் இரண்டு தடவை கூப்பிட்டார். இரண்டாவது தடவை அவன் எடுத்து, வீட்டுச் சூழ்நிலை சரியில்லை என்றான். அவர் பரவாயில்லை என்று வைத்துவிட்டார்.

அந்த வாரமே பின்னறையை ஒழித்து, நீள மேசை போட்டு, விலாக்கள் அறுக்க ஓர் ஆளையும் கொடுத்தார்கள். சமையலறைக்கு வரைபடம் போடும் வேலையும் அவனிடமே வந்தது. விமானப் பாகங்களை ஒதுக்கிவிட்டு அவன் தாளை விரித்து உட்கார்ந்தான். மனைவி கணக்குவேலையை முடித்துவிட்டு வந்து எதிரில் நின்றாள்.

"போட்டுக் குடுக்கப் போறீங்களா?"

"கேட்டிருக்காரே."

பக்கத்தில் ரம்பம் ஓடி நின்றது. அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கோடுகளையே பார்த்தாள்.

"அடுப்ப அந்தப் பக்கம் வைக்காதீங்க" என்றாள். "ஜன்னல் காத்துல அணைஞ்சுக்கிட்டே இருக்கும்."

அவன் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, அடுப்பை எதிர்ச் சுவருக்கு மாற்றி வரைந்தான்.