கோர்காவின் உதை

அந்த ஸ்பெயின்காரன் கோர்கா செய்த காரியத்தை நினைத்தால் அர்லிந்துவுக்கு இன்னமும் வயிறு எரியும். போன வருஷம் ஐரோப்பியக் கடற்கரைக் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டம், அதுவும் சொந்த ஊரான நசரேயில். அர்லிந்து ஆடிய போர்ச்சுகல் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கடைசி நிமிடத்தில் கோர்கா வேண்டுமென்றே அர்லிந்துவின் காலை வாரிவிட்டான். மணல் ஆட்டத்தில் யார் மேல் ஃபவுல் நடந்ததோ அவன்தான் ஃப்ரீ கிக் அடிக்க வேண்டும். அடிபட்டு எழவே முடியாவிட்டால் மட்டும் அவனுக்குப் பதிலாக இறங்குகிறவன் அடிக்கலாம். குறுக்கே யாரும் மறைத்து நிற்கக் கூடாது. எதிரே கோல்கீப்பர் ஒருவர்தான். அணியிலேயே மோசமாக உதைப்பவன் அர்லிந்து என்பது அந்தப் படுபாவிக்கு நன்றாகத் தெரியும்.

பந்து கேலரியைத் தாண்டிப் பறந்தது. கோப்பையும் போனது.

ஊர் சும்மா விடுமா? கடற்கரையில் மீன் காயவைக்கும் பெண்கள் அவனைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏன் அர்லிந்து, அந்தப் பந்து கீழ வந்துடுச்சா, இல்ல இன்னும் போய்க்கிட்டே இருக்கா?"

அவன் மனைவி இடாலினாவும் அங்கேதான் மீன் விற்றாள். முதலில் அவர்களோடு சண்டைக்குப் போனாள். ஒரு நாள் அவளும் சிரித்துவிட்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

உதைத்துப் பழகுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். உதைக்க வராத காலை வைத்துக்கொண்டு என்னத்தைப் பழகுவது? குளிர்காலம் முழுக்கக் கோர்கா ஆடிய ஆட்டங்களை டி.வி.யில் போட்டுப் போட்டுப் பார்த்தான். ஒரு நாள் துள்ளி எழுந்தான்.

"இடாலினா, இங்க வா! இவன் ஒரு தடவகூட ஃப்ரீ கிக் அடிச்சதில்ல. யாராவது தொட்டாலே முழங்காலப் பிடிச்சுக்கிட்டு உருள்றான். வேற ஆளு வந்து அடிக்கிறான்."

"நிஜமாவே அடிபட்டிருக்கும்யா."

"அடியாவது மண்ணாவது! பயம்டி. என்னைவிட மோசமா உதைப்பான்போல."

இந்த வருஷமும் அதே ஊர், இறுதி ஆட்டத்தில் அதே ஸ்பெயின். ஆட்டம் முடியப் போகிறது, போர்ச்சுகல் ஒரு கோல் முன்னே இருக்கிறது. நடு மைதானத்தில் பந்து கோர்காவிடம் வந்தது. அர்லிந்து அவன் காலைத் தொடவே இல்லை. பின்னாலிருந்து ஜெர்சியைக் கொத்தாகப் பிடித்து நிறுத்தினான், கடலுக்குள் ஓடும் குழந்தையைப் பிடிப்பதுபோல.

விசில் அடித்தது. நடுவர் மஞ்சள் அட்டையை நீட்டினார்.

"அட கிறுக்குப் பயலே!" கேப்டன் தெல்மு பாய்ந்து வந்து அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். "ஜெயிச்ச ஆட்டத்தத் தூக்கி அவனுங்க கையில குடுக்குறியே!"

தெல்மு கேட்டது நியாயம்தான். பந்து உள்ளே போனால் அர்லிந்து ஊரைவிட்டே போக வேண்டியதுதான். தெரிந்தேதான் செய்தான்.

கோர்கா வழக்கம்போல முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். நடுவர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"சட்டையப் பிடிச்சதுக்கு முழங்கால் எப்படிப்பா வலிக்கும்? எந்திரி."

கேலரி முழுக்கச் சிரித்தது. கோர்கா எழுந்தான். மணலைக் குவித்துப் பந்தை வைத்தான், உருண்டு விழுந்தது. திரும்பக் குவித்து வைத்தான், மறுபடியும் உருண்டது; மூன்றாம் தடவைதான் நின்றது. அதைப் பார்த்த அர்லிந்துவுக்கு அப்படியே நெஞ்சு குளிர்ந்தது.

கோர்கா ஓடி வந்து உதைத்தான். கால் பந்துக்கு முன்னால் மணலில் இடித்தது. பந்து சோம்பேறித்தனமாக உருண்டு போக, கோல்கீப்பர் குனிந்து ஒரே கையால் எடுத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்தது.

கோர்கா மணலில் மண்டியிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். அர்லிந்து நேராக அவன் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான்.

தெல்மு ஓடி வந்து தோளைப் பிடித்து இழுத்தான். "டேய், கோப்பை குடுக்குறாங்க, எல்லாரும் உனக்காகத்தான் நிக்கிறோம். பாவம்டா, அவன விடு. வா."

"நீங்க போய் வாங்கிக்கங்க," என்றான் அர்லிந்து, கோர்காவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் இன்னும் பாத்து முடிக்கல."