கூடத்துப் பல்பு

கணவன் பட்டறைக்குக் கிளம்பியதும் அவள் செய்த முதல் வேலை, நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறி, கூடத்துப் பல்பைக் கழற்றியதுதான். வெளியே யாராவது அழைப்பு மணியை அழுத்தினால் மணிச் சத்தத்தோடு உள்ளே இந்தப் பல்பும் விட்டுவிட்டு எரியும். காது கேட்காத இரண்டு பேர் குடியிருக்கும் வீட்டில் ஆள் வந்தது வேறு எப்படித் தெரியும்? செல்போனையும் அணைத்துத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். பல்பைக் கைக்குள் பொத்திக்கொண்டு, ஒன்றுமே செய்யாதவள் மாதிரி குழந்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நாத்தனார் வரட்டும். மணியை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுப் போகட்டும். விளக்கு எரியாதது இவள் குற்றமா? திட்டம் என்னவோ கச்சிதமாகத்தான் இருந்தது.

நாத்தனார் வருவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக. நாளையிலிருந்து இவள் மறுபடி தையல் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். அந்த மெஷின் இரைச்சலில் தலைவலி வராத ஒரே ஆள் இவள்தான் என்று மேஸ்திரி கேலி செய்வார். இனி எட்டு மாதப் பிள்ளைக்கு வாரம் முழுக்க அத்தை வீடு, விடுமுறை நாளில் மட்டும் அம்மா. பேசிப் பேசி முடிவாகிவிட்டது. அந்தப் பேச்சில் பாதி அவளுக்குத் தெரியாமலே நடந்தது.

பிள்ளை வயிற்றில் இருந்தபோது இந்தப் பயமே இல்லை. அவளுக்குப் பிறவியிலிருந்தே கேட்காது, கணவனுக்கும் அப்படியே. பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கேட்கும் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். அவளோ உள்ளூரச் சந்தோஷப்பட்டாள். கேட்கிறவர்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவள் அவள். சாப்பிடும்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என்ன என்று ஜாடையில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்கள். உதட்டைப் பார்த்து அவள் முதன்முதலில் கற்றுக்கொண்ட சொல்லே அதுதான். தனக்கும் தன் பிள்ளைக்கும் நடுவில் அந்தச் சொல் வரவே வராது என்று நினைத்திருந்தாள்.

பிறந்த சில நாளில் காது சோதனை. தூங்குகிற குழந்தையின் காதில் சின்னக் குழாயைச் செருகி, கையடக்கக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார் நர்ஸ். பச்சை விளக்கு எரிந்தால் கேட்கிறது என்று அர்த்தம். எரியக் கூடாது, எரியக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள். பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா அது? எரிந்தது. நாத்தனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குழந்தையை வாரியெடுத்து அவன் காதோரம் என்னவோ சொன்னாள். குழந்தையின் தலை மறைத்ததால் உதடு தெரியவில்லை. என்ன சொன்னாள் என்று இவளுக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு, இது எப்படி என்று அறிய, அம்மா, அப்பா, பிள்ளை மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்து மரபணுவைப் பார்த்தார்கள். டாக்டர் சொல்லச் சொல்லக் கையால் சொல்லிவந்த நாத்தனார் பாதியில் திணறினாள். கதவு செய்கிறவனான கணவனுக்குத்தான் சட்டென்று பிடிபட்டது. அவள் பக்கம் திரும்பிக் கைகளால் சொன்னான்:

"கதவு சரியா இருக்கணும்னா கீலும் வேணும், தாழ்ப்பாளும் வேணும். உனக்குக் கெட்டது கீல். எனக்குக் கெட்டது தாழ்ப்பாள். ரெண்டும் ஒரே கோளாறுன்னு எல்லாரும் நெனச்சுட்டோம். பய கெட்டிக்காரன். என்கிட்ட இருந்து நல்ல கீலையும் உன்கிட்ட இருந்து நல்ல தாழ்ப்பாளையும் வாங்கிக்கிட்டான்."

"அப்ப என்னோட கெட்ட கீல்?" என்று கேட்டாள்.

"அதுவும் அவன்கிட்டதான் இருக்கு, என் தாழ்ப்பாளும் இருக்கு. ஆனா நல்லது ஒண்ணு கூட இருந்தா போதுமாம். கெட்டது வாலைச் சுருட்டிக்கிட்டு இருக்குமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். வாலைச் சுருட்டிக்கொண்டு அவனுக்குள் இருக்கும் தன் பங்கை நினைத்து அவள் கொஞ்சம் ஆறுதல் பட்டாள்.

நாத்தனார் கெட்டவள் இல்லை. சின்ன வயதிலிருந்து தம்பிக்கு வாயாக இருந்தவள். போன வாரம் இவள் எதிரில் உட்கார்ந்து, உதடு புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: "நான் என்ன உன் புள்ளையப் பறிச்சுக்கவா போறேன்? காதுல விழுந்தாத்தானேம்மா வாய்க்கு வரும்? இங்க அவன்கிட்ட யாரு பேசுவா?"

கணவன் தலையாட்டினான். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. விடிந்ததிலிருந்து பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருப்பது யார்? பால் என்று, போதுமா என்று, மழை என்று அந்தப் பிஞ்சு முகத்துக்கு எதிரில் அவள் கைகள் ஓய்ந்ததே இல்லை. பல்பு எரியும்போதெல்லாம் கை முஷ்டியை உயர்த்தி மூடி மூடித் திறந்து, ஆள் வந்திருக்கு என்று காட்டுவாள். அவன் பொக்கை வாயைக் காட்டிச் சிரிப்பான்.

இப்போது அவன் பாயில் உட்கார்ந்து ஒரு கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தான். திடீரென்று கரண்டியை விட்டுவிட்டு வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். கதவு சாத்தியபடியே இருந்தது. கரண்டியை எடுத்தான், மறுபடி போட்டான், மறுபடி அதே கதவு. பல்பை ஒரு கையில் மறைத்துக்கொண்டாள். இங்கே பாருடா கண்ணு என்று அவன் முகத்துக்கு முன்னால் மற்றக் கையின் விரல்களை ஆட்டினாள். அவன் விரல்களைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு கையைத் தூக்கினான். அந்தச் சின்ன முஷ்டி மூடியது, விரிந்தது. மூடியது. அம்மாவுக்குப் புரியவில்லையோ என்று, இன்னொரு தடவை, மெதுவாக விரிந்தது.