ஜூலையில் விற்ற கார்

இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்து மெழுகுத்தாளில் மடித்துக்கொண்டிருந்த ஹால்வர், மேசைமேல் ஃபோன் அடித்தும் எடுக்கவில்லை. திரையில் தெரிந்த பெயரைப் பார்த்துவிட்டு மறுபடியும் தாளை மடித்தான். வெளியே இன்னும் இருட்டு. நவம்பரில் எங்கள் பள்ளத்தாக்கு சாவகாசமாகத்தான் விடியும்.

"யாரு?" என்றாள் அவன் மனைவி உன்னி.

"யோருன்."

"எந்த யோருன்?"

"நம்ம காரை வாங்கிட்டுப் போனாங்களே, மலைக்கு அந்தப் பக்கம்."

உன்னி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எடு. எடுக்காம இருந்தாத்தான் சந்தேகம் வரும்."

இந்த ஃபோன் வரும் என்று ஹால்வருக்குத் தெரியும். அதற்கான பதில்களையும் தயாராக வைத்திருந்தான். பழைய கார் என்று தெரிந்துதானே வாங்கினீர்கள், ஓட்டிப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டு வாயை அடைத்துவிடலாம் என்பது அவன் எண்ணம். அந்தப் பதில்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"ஹால்வர், காலங்காத்தால தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோங்க. ஒரு நிமிஷம்தான். நீங்க இந்தக் காரை எப்படி ஓட்டுவீங்க?"

"எப்படின்னா?"

"எனக்கு வரமாட்டேங்குது. குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து பாதி தூரம் போறதுக்குள்ள சார்ஜ் இறங்கிடுது. நான் ஆக்சிலேட்டரைப் போட்டு மிதிக்கிறேன்னு எங்க வீட்டுக்காரர் ஓட்வார் திட்டறார். இந்த வயசுல புதுசாக் கத்துக்கறதுன்னா சும்மாவா. நீங்க மலையே ஏத்தினவர், அதான் உங்ககிட்டயே கேட்டுடலாம்னு."

உண்மையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைத்திருக்காது. ஃபோனை மாற்றி மறு காதில் வைத்துக்கொண்டான்.

"ஹீட்டர்தான் சார்ஜைக் குடிக்கும். அதை அணைச்சுட்டு, கம்பளியைப் போத்திக்கிட்டு ஓட்டுங்க. நாங்கல்லாம் அப்படித்தான்."

"அடடா, இது எனக்குத் தோணவேயில்ல பாருங்க. ரொம்ப நன்றி ஹால்வர். உன்னியைக் கேட்டதாச் சொல்லுங்க."

ஃபோனை வைத்தவன் முகத்தை உன்னி உற்றுப் பார்த்தாள். "பணத்தைத் திருப்பிக் கேக்கறாங்களா?"

"இல்ல. எப்படி ஓட்டறதுன்னு கேக்கறாங்க."

"அப்ப நல்லதாப் போச்சு," என்றாள் உன்னி. ஆனால் காப்பியை முடிக்காமலே எழுந்துபோனாள்.

ஹால்வர் கெட்டவன் இல்லை. மலைக் கணவாயில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன். பனியில் புதைந்த கார்களை எத்தனையோ முறை தன் கையால் தோண்டி எடுத்திருக்கிறான். எங்கள் ஊரே அப்படிப்பட்ட ஊர்தான். வழியில் ஒரு கையுறை கிடந்தால், தொலைத்தவர் கண்ணில் படட்டும் என்று எடுத்து வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டுத்தான் போவோம். ஒற்றைக் கையுறைக்கு இவ்வளவு நேர்மையாக இருக்கிற நாங்கள், பழைய கார் விற்கும்போது மட்டும் ஊமையாகிவிடுகிறோம். கேட்டால் அது வியாபாரம் என்கிறோம்.

அந்த நீல நிற மின்சாரக் காரை ஹால்வர் பல வருடம் ஓட்டியிருந்தான். முந்தைய குளிர்காலத்தில் ஒருநாள் ஏற்றத்தில் போகும்போது, பாதி சார்ஜ் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் திடீரென்று அடிமட்டத்துக்கு இறங்கியது. கண்ணெதிரே ஒரு சின்ன ஆமைப் படம் எரிந்தது. இனி என்னால் முடியாது என்று அந்தக் கார் சொல்லும் விதம் அது. கொஞ்ச தூரம் ஊர்ந்துவிட்டு நின்றுவிட்டது.

இழுத்துக்கொண்டு போன பட்டறையில் சோதித்துவிட்டுச் சொன்னார்கள்: "உள்ள சில செல் செத்துப்போச்சு. குளிர்லயும் ஏத்தத்துலயும் அதுங்க மத்த எல்லாத்தையும் சேத்துக் கீழ இழுத்துடும். இனிமே மீட்டரை நம்பாதீங்க. பேட்டரியை மாத்தணும்."

மாற்றுவதற்கு ஆகும் செலவு, காரை விற்றால் கிடைப்பதைவிட அதிகம். விபத்தில் அடிபட்ட கார் ஏதாவது வந்தால் அதன் பேட்டரியைப் பார்க்கலாம், அதுவும் மலிவில்லை என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டான். வெயில் காலம் வந்ததும் காரும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடியது.

கோடையில் ஒருநாள் தோட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்து சாசேஜ் சுட்டுத் தின்றுகொண்டிருந்தபோது உன்னியின் அண்ணன் ஸ்டைனார்தான் வழி சொன்னான். "ஜூலையிலயே தள்ளிவிட்டுடு மாப்ள. ஜூலையில எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான்." எல்லோரும் சிரித்தார்கள். உன்னியும் சிரித்தாள்.

விளம்பரம் போட்டதும் உள்ளூரிலேயே ஒருவர் கேட்டார். விலை பேசி முடிந்துவிட்டது என்று ஹால்வர் அவரை அனுப்பிவிட்டான். தினமும் முகத்தில் விழிக்கிற ஆளிடம் விற்க அவனுக்கு மனம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் மலைக்கு அப்பாலிருந்து யோருன் பஸ் பிடித்து வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூடச் சமையல்காரர். காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குளிர்காலத்துல மலை தாண்டுமா? எங்க வீட்டுக்காரருக்கு நுரையீரல் சரியில்ல. உங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டு வரணும். அவங்க செலவுலயே டாக்சி அனுப்பறோம்னுதான் சொல்றாங்க. ஆனா மத்தவங்க வண்டியில இருமிக்கிட்டு வர அவருக்குக் கூச்சம், ஊருக்குப் பாரமா இருக்கக்கூடாதும்பார்."

"நானே தாண்டியிருக்கேன்," என்றான் ஹால்வர்.

"பட்டறையில ஒருதடவை காட்டிடலாமான்னு பையன் சொன்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன். பனி லாரி ஓட்டறவருக்குப் பனியைப் பத்தித் தெரியாததா?"

கணவாயில் அவன் செய்கிற நல்ல வேலைதான் அந்தக் காரை விற்றுக் கொடுத்தது. பழைய குளிர்காலங்களில் அவன் மலை தாண்டியது உண்மைதான், அதனால் பொய் சொல்லவில்லை என்று உன்னியிடம் சொல்லிக்கொண்டான். அவளும் தலையாட்டினாள்.

பிப்ரவரியில் மலைமேல் புயல் பிடித்துக்கொண்டது. கணவாயை மூடிவிட்டார்கள். இப்படிப்பட்ட நாட்களில் யாரும் தனியாக ஏற முடியாது. கார்கள் தடுப்புக் கட்டையில் வரிசையாகக் காத்து நிற்கும். பனி லாரி முன்னால் வழி வெட்டிக்கொண்டு போக, எல்லோரும் ஒட்டிக்கொண்டு பின்னால் போக வேண்டும். கிளம்பும் முன் லாரிக்காரர் ஒவ்வொரு காராகப் போய், எரிபொருளோ சார்ஜோ போதுமா, கம்பளி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். போதாதவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதும் அவர்தான்.

அப்பாலிருந்து இப்பால் வர நின்ற வரிசையில் அன்று ஹால்வர் நடந்து வந்தான். நான்காவதாக அந்த நீலக் கார் நின்றது. உள்ளிருப்பவர்களின் மூச்சு கண்ணாடியின் உட்புறம் உறைந்திருந்தது. யோருன் ஓர் அட்டையால் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓட்வார், கழுத்துவரை கம்பளி, மடியில் வெந்நீர்ப் பை.

கண்ணாடி இறங்கியது. "ஓட்வார், இவர்தான் ஹால்வர், நான் சொல்லலை? பாத்தீங்களா, நீங்க சொன்ன மாதிரியே ஹீட்டரைத் தொடவேயில்ல."

ஓட்வார் கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து நீட்டினார். "இவளுக்கு நீங்களாவது ஓட்டக் கத்துக் குடுங்க. நான் சொன்னாக் கேக்கமாட்டா." சிரிக்கப் போனவர் இருமினார். இருமல் நிற்க வெகு நேரம் பிடித்தது.

"சார்ஜ் எவ்வளவு இருக்கு?" என்றான் ஹால்வர்.

"பாதிக்கு மேலேயே," என்று யோருன் மீட்டரைக் காட்டினார்.

அந்த வரிசையில் அந்த மீட்டரை நம்பக்கூடாது என்று தெரிந்த ஒரே ஆள் ஹால்வர். இந்தக் கார் ஏறாது, திரும்பிப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். பின்னால் நின்ற மீன் லாரி ஹாரன் அடித்தது. காற்று அவன் முதுகில் அறைந்தது.

"வரிசையிலேர்ந்து முன்னாடி வாங்க," என்றான். "என் லாரிக்கு நேர் பின்னாடியே வாங்க. நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு எவ்வளவு நல்ல மனசு," என்றார் யோருன்.

ஏற்றம் முழுக்க அவன் கண் சாலையில் பாதி, பக்கக் கண்ணாடியில் பாதி இருந்தது. இரண்டு விளக்குகள் பின்னால் வந்துகொண்டே இருந்தன. தாண்டிவிடும், இந்த ஒருமுறை தாண்டிவிடட்டும் என்று வாய்விட்டே சொன்னான். உச்சிக்கு முன்னால் வரும் கடைசி ஏற்றத்தில் விளக்குகள் சின்னதாகின. பிறகு வெண்மையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

லாரியை நிறுத்திவிட்டு ஓடினான். காரில் அந்த ஆமைப் படம் எரிந்துகொண்டிருந்தது. ஓட்வார் வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தார். ஹால்வர் அவரைக் கம்பளியோடு தூக்கிக்கொண்டு காற்றுக்கு எதிரே நடந்தான். நெஞ்சில் சாய்ந்திருந்த அந்த உடம்பில் கனமே இல்லை. லாரியின் சூட்டில் உட்கார வைத்த பிறகும் அவர் நடுக்கம் நிற்கவில்லை.

யோருன் பின்னால் நிற்கும் வரிசையையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். "எல்லாரையும் நிறுத்தி வச்சுட்டேனே. தப்பு என்னோடதுதான் ஹால்வர். கடைசி ஏத்தத்துல அவருக்கு மூச்சு முட்டிச்சு. மனசு கேக்காம ஹீட்டரைப் போட்டுட்டேன். நீங்க அவ்வளவு சொல்லியும்."

"நான் அப்பவே சொன்னேன், உனக்கு ஓட்ட வராதுன்னு," என்றார் ஓட்வார், மூச்சுக்கு நடுவே.

ஹால்வர் கியரைப் போட்டான்.

ஓட்வார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை. நுரையீரலில் சளி கட்டி, அந்த மாதமே போய்விட்டார். ஏற்கெனவே பலவீனமான நுரையீரல், எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அப்படியும் இருக்கலாம். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஹால்வர் சில நாள் சமாளித்தான். பிறகு அதுவும் கைகொடுக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் ஸ்டைனார் ஏதோ சொல்லிச் சிரித்தபோது எழுந்து வெளியே போய்விட்டான்.

இழுத்து வந்த நீலக் கார் எங்கள் பக்கத்துப் பட்டறையில் கேட்பாரற்றுக் கிடந்தது. ஹால்வர் தன் பனி ஸ்கூட்டரை விற்றான். விபத்தான கார் ஒன்றின் நல்ல பேட்டரி வரும்வரை காத்திருந்து, அதை வாங்கிப் பொருத்தச் சொன்னான். ஒரு வருடமாகத் தள்ளிப்போட்ட வேலை இரண்டே நாளில் முடிந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் அதை அவனே மலைமேல் ஓட்டிப் போனான். ஹீட்டர் எரிந்தது. கடைசி ஏற்றத்தில்கூட மீட்டர் அசையவில்லை. ஒரு சிரமமும் இல்லாமல் உச்சியைத் தாண்டியபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

யோருன் அவனைச் சமையலறையில் உட்கார வைத்துக் காப்பி ஊற்றினார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். பட்டறை சொன்னது, மச்சான் பேச்சைக் கேட்டு ஜூலையில் விற்றது, உள்ளூர்க்காரரைத் தவிர்த்தது, ஹீட்டரை அணைக்கச் சொன்னது, வரிசையில் வாயை மூடிக்கொண்டது. சொல்லி முடித்துச் சாவியை மேசைமேல் வைத்தான். "பேட்டரியை மாத்திட்டேன். இப்ப தாண்டும்."

யோருன் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"தாண்டும் சரி. தாண்டி யாரைக் கூட்டிட்டுப் போறது?"

சாவியை மறுபடி மேசைமேல் வைத்தார்.

"பேட்டரி செத்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க ஹால்வர். பேட்டரின்னா ஒருநாள் சாகும். அதைச் சொல்லியிருந்தீங்கன்னா, கடைகண்ணிக்கு இது போதும்னு நான் வாங்கியிருந்தாலும் வாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும், அவர் கூச்சத்தையெல்லாம் பாக்காம, டாக்சியில ஏத்தியிருப்பேன். நீங்க சொல்லல. அதனால குறை கார்ல இருக்குன்னு தெரியாம, எங்கிட்ட இருக்குன்னு நெனச்சேன். அவரும் அப்படியே நெனச்சுட்டார். கடைசியா ஆஸ்பத்திரிக் கட்டில்லகூட, நீ மெதுவா ஓட்டியிருக்கலாம்னார். நான் சரிங்க, என் தப்புதான்னேன். இனிமே போய் அவர்கிட்ட யார் சொல்றது?"

யோருன் எழுந்து அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினார். வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டாவது கோப்பை ஊற்றாமல் அனுப்பும் வழக்கம் எங்களிடம் இல்லை.

"குடிச்சுட்டுக் கிளம்புங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார். "உங்க மச்சான்கிட்டயும், உங்க ஊர்ல பழசை விக்கிற எல்லார்கிட்டயும் சொல்லுங்க. விக்கிற பொருள்ல குறை இருந்தா வாயைத் திறந்து சொல்லிட்டு விக்குங்க. நீங்க மறைச்சா அந்தக் குறை எங்கயும் போயிடாது. வாங்கினவங்க தலையிலதான் வந்து விடியும்."